தாம்பூலப் பையும் ஐந்தாவது ஓட்டும்

உங்கள் வீட்டுக் கொலுவில் கொடுத்த தாம்பூலப் பையை ஒரு வக்கீல் மேஜைமேல் வைத்து, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, மைக்கில் பெயர் சொல்லி அரசாங்கப் பதிவில் ஏற்றியது உண்டா?

எனக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது. போன மாதம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், எங்கள் டவுன்ஷிப் கட்டடத்தின் மீட்டிங் ஹாலில்.

"ஒரு தேங்காய்" என்றார் வக்கீல். பிறகு ஒரு சின்ன சீப்பு, ஒரு சின்னக் கண்ணாடி, மஞ்சள் நிறப் பொடி ஒரு பாக்கெட் என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில் மடித்த பச்சைத் துணி ஒன்றைத் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று பொதுவாகக் கேட்டார். ஹாலில் ஐம்பது பேர் இருந்தோம். அதில் நாற்பது பேருக்கு அது என்னவென்று நன்றாகத் தெரியும். அத்தனை பேரும் குனிந்து செல்போனைப் பார்த்தார்கள்.

ரவிக்கைத் துணி. வேறென்ன?

சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் டவுன்ஷிப் நியூ ஜெர்ஸியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து பதினைந்து நிமிஷ டிரைவில் இருக்கிறது. என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மல்லிகாவின் வீடு. பல்லடத்துப் பெண். கராஜில் மூன்று தையல் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின், சுவர் முழுக்க நூல்கண்டு. ரவிக்கை தைக்கிறாள். நியூ ஜெர்ஸியில் நம் பெண்கள் நல்ல டாக்டரைக்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள்... கழுத்தும் கையும் ஒழுங்காக உட்காரும்படி ரவிக்கை தைக்க ஆளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அதனால் மல்லிகாவின் போன் நம்பரை யாரும் சுலபத்தில் இன்னொருத்திக்குக் கொடுப்பதில்லை. நானே என் நாத்தனாருக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் கொடுத்தேன்.

மல்லிகாவுக்கு உதவிக்கு ரோசா என்று ஒரு பெண். ஈக்வடாரிலிருந்து வந்தவள். சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பதில் மாம்பலத்துக் கடைக்காரர்களை மிஞ்சிவிடுவாள். "அக்கா, பார்டர்" என்று அவள் தமிழில் கேட்பதை நீங்கள் கேட்க வேண்டும்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது — டவுன்ஷிப் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வரும்வரை.

குடியிருப்புத் தெருவில் வெளியாள் வைத்துத் தொழில் செய்யக்கூடாது, வாடிக்கையாளர்கள் வந்து போகக்கூடாது. உடனே நிறுத்துங்கள், அல்லது எந்த இடத்தில் என்ன நடக்கலாம் என்று தீர்மானிக்கும் ஸோனிங் போர்டிடம் விதிவிலக்கு கேட்டு மனுப் போடுங்கள். கடிதத்தின் சாரம் இதுதான். புகார் கொடுத்தவர் பக்கத்து வீட்டு கென்.

கென்னை வில்லனாக நினைத்துவிடாதீர்கள். எந்தத் தெருவிலும் பார்க்கக்கூடிய சாதாரண மனிதர். பனிக்காலத்தில் மல்லிகா வீட்டு நடைபாதைப் பனியையும் சேர்த்துத் தள்ளிக் கொடுப்பவர். அவருடைய புகார் ரவிக்கையைப் பற்றி இல்லை, கார்களைப் பற்றி. சனிக்கிழமையானால் அவர் டிரைவ்வேயை மறித்து யாராவது வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். ஒருநாள் அவர் மனைவியை முழங்கால் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக முடியாமல் இருபது நிமிஷம் உள்ளேயே மாட்டிக்கொண்டார். யாரோ "ரெண்டே நிமிஷம், ட்ரையல் பாத்துட்டு வந்துடறேன்" என்று இறங்கிப் போனவளின் கார்.

நம் ரெண்டு நிமிஷத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மல்லிகா என் வீட்டுக்கு வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, கடிதத்தை நான்காக மடித்துக்கொண்டே சொன்னாள்:

"இந்த ஊருக்கு வந்து ஆறு வருசம் நான் செந்தில் ஒய்ஃபு, இல்லீன்னா ஹரிணி அம்மாங்க்கா. அந்த கராஜுலதான் மல்லிகான்னு பேர் சொல்லிக் கூப்புட்டாங்க. அதை மூடச் சொல்றாங்களே, என்ன பண்றதுங்க்கா?"

அந்த நிமிஷமே, இதை விடக்கூடாது என்று முடிவு கட்டினேன்.

ஆனால் எப்படி? போர்டில் மொத்தம் ஏழு பேர். சம்பளம் கிடையாது, ஊர்க்காரர்கள்தான், சும்மா சேவையாகச் செய்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு ஓட்டுப் போடுவார்கள். என் கணக்கு சுலபமாக இருந்தது. ஏழில் நான்கு கிடைத்தால் ஜெயித்தோம். இல்லையா?

இல்லையாம். பன்னிரண்டாவது படிக்கும் என் பெண் யாழினி, டவுன்ஷிப் இணையதளத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். இந்த மாதிரி மனுவுக்கு ஐந்து ஓட்டு வேண்டும். நாலுக்கு மூன்று என்றால் தோல்வி. பெரும்பான்மை வந்தும் தோல்வியா என்று நான் சண்டைக்குப் போனேன். "அம்மா, ஐ டிடன்ட் மேக் த ரூல்" என்று போய்விட்டாள்.

இங்கேதான் நமக்கு ரத்தத்தில் ஊறிய ஒரு குணம் தலைதூக்கியது. ஊரில் எந்தக் காரியம் ஆகவேண்டுமானாலும் நாம் முதலில் என்ன கேட்போம்? சட்டம் என்ன சொல்கிறது என்றா? "அங்கே நமக்கு யாரைத் தெரியும்?" என்றுதான். ரேஷன் கார்டு, கேஸ் கனெக்‌ஷன், காலேஜ் சீட்... எதுவானாலும் ஆளைப் பிடிக்க வேண்டும். கடல் தாண்டி வந்து இருபது வருஷம் ஆனாலும் கை முதலில் அங்கேதான் போகிறது.

போர்டு உறுப்பினர் பட்டியலைப் பார்த்தேன். ஏழில் ஒரு பெயர் நீலம். வடநாட்டுப் பெண்மணி, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யோகா வகுப்பில் எனக்கு அடுத்த பாயில்தான் படுப்பார். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா எனக்கு? ஒரு ஓட்டு கையில் இருக்கிறது — நம்ம ஆளு!

அவரும் புடவை கட்டுகிறவர். அவருக்கும் ரவிக்கை வேண்டும். விட்டுக்கொடுப்பாரா?

நவராத்திரி வந்தது. நீலத்தைக் கொலுவுக்கு அழைத்தேன். மல்லிகாவையும் அதே நேரத்துக்கு அழைத்தேன். தற்செயலாக இல்லை... தெரிந்தேதான். "அம்மா, ஷி இஸ் லைக் எ ஜட்ஜ். யூ கான்ட் டூ தட்" என்று யாழினி எச்சரித்தாள். கொலுவுக்குக் கூப்பிட்டுச் சுண்டல் கொடுப்பது எந்த ஊரில் குற்றம் என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன்.

சுண்டலோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா?

நீலம் பொம்மைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மல்லிகாவைப் பக்கத்தில் நிறுத்தி, இந்தப் பெண் எவ்வளவு கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தாள் என்று ஆரம்பித்தேன். வருகிற வியாழக்கிழமை கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்று முடித்தேன். நடுவில் தாம்பூலப் பையை நீட்டினேன். இருப்பதிலேயே நல்ல பச்சை ரவிக்கைத் துணியாகத் தேடி வைத்திருந்தேன். அதைப் பார்த்த மல்லிகா, பாவம், உபசாரமாக ஒரு வார்த்தை சொன்னாள்... தானே தைத்துத் தருவதாகவும், காசு வேண்டாம் என்றும். சொன்ன கையோடு கைப்பையில் எப்போதும் இருக்கும் டேப்பை எடுத்து அங்கேயே தோள் அளவும் எடுத்துவிட்டாள்.

நீலம் சிரித்தார். ஆனால் சுண்டலைத் தொடவில்லை. சீக்கிரமே கிளம்பிவிட்டார். வயசானவர், வாயுத் தொல்லையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை வந்தது. நாங்கள் படையோடு போனோம். நூற்றுச் சொச்சம் பேரிடம் நான் வாங்கிய கையெழுத்துப் பத்திரமும் கையில். போர்டின் வக்கீல் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். கையெழுத்தை ஏற்க முடியாதாம். சொல்ல வேண்டியதை நேரில் வந்து சத்தியம் செய்துதான் சொல்ல வேண்டுமாம். ஒன்று போச்சு.

அடுத்து நீலம் எழுந்தார். காலடியிலிருந்து என் மஞ்சள் பையை எடுத்தார்.

கொலுவில் நான் நீட்டிய அதே தாம்பூலப் பை.

மனுதாரர் இருந்த ஒரு வீட்டில் தனக்கு இந்தப் பை தரப்பட்டது, மனுவைப் பற்றிப் பேச்சு வந்தது, மனுதாரர் இலவசமாகத் தைத்துத் தருவதாகச் சொல்லித் தன் தோளை அளந்தார். ஆகவே இந்த வழக்கிலிருந்து விலகிக்கொள்வதாகச் சொன்னார். ஒரு கோபம் கிடையாது, ஒரு குறை கிடையாது. பேலன்ஸ் ஷீட் வாசிப்பதுபோல் சொல்லிவிட்டு ஹாலை விட்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு நடந்ததுதான் தேங்காய், சீப்பு, கண்ணாடி வைபவம். முடிந்ததும் வக்கீல் எல்லாவற்றையும் பையில் போட்டு, இதன் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்றார். பின்வரிசையிலிருந்து எழுந்து மேடைவரை நடந்துபோய் வாங்கிக்கொண்டு வந்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான நடை நடந்ததில்லை.

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. கையில் இருந்த ஒரு ஓட்டையும் நானே தேங்காய் வைத்து வழியனுப்பிவிட்டேனே! மல்லிகாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவளே என் கையைத் தட்டி, "உடுங்க்கா. நல்லதுக்குத்தானே பண்ணுனீங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

நீலத்தின் நாற்காலியில் மாற்று உறுப்பினர் வந்து உட்கார்ந்தார். பெயர் வால்டர். ஓய்வுபெற்ற தபால்காரர். மாற்று உறுப்பினர் என்றால் எல்லா மீட்டிங்குக்கும் வர வேண்டும், எல்லா ஃபைலையும் படிக்க வேண்டும். யாராவது விலகினாலோ வராவிட்டாலோதான் ஓட்டு. இரண்டு வருஷமாக ஓர ஸ்டூலில் தெர்மாஸ் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தவராம். அன்றைக்கு நாற்காலி கிடைத்ததும் அதன் உயரத்தைச் சரிசெய்து, ஃபிளாஸ்க்கை முன்னால் வைத்து, சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

முதலில் மல்லிகா பேசினாள். எழுதி எடுத்து வந்த இங்கிலீஷைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டு, ஹாங்கரில் மாட்டி எடுத்து வந்த ஒரு ரவிக்கையைக் காட்டி, இது என்ன, எப்படித் தைப்பது, ரோசா இல்லாவிட்டால் ஏன் முடியாது என்று சொன்னாள். நன்றாகவே சொன்னாள். உறுப்பினர்களில் ஒரு பெண்மணி தையலைத் தடவிப் பார்த்தார்.

அடுத்து கென். தான் எடுத்த போட்டோக்களைப் பெரிய திரையில் போட்டார். முதல் படம், இரண்டாவது படம்... மூன்றாவதில் அவர் டிரைவ்வேயை முக்கால்வாசி மறித்துக்கொண்டு ஒரு சாம்பல் நிற வேன். பின்கண்ணாடியில் பள்ளி மார்ச்சிங் பேண்டின் ஸ்டிக்கர்.

யாழினி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள்தான் பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள்.

ஆமாம். என் வேன்தான். ரெண்டே நிமிஷம் என்று இறங்கியவர்களில் நானும் ஒருத்தி. அன்றைக்கு எவ்வளவு நேரம் உள்ளே இருந்தேன் என்று யோசித்தேன். இரண்டு ரவிக்கை ட்ரையல், ஒரு காபி, நாத்தனாரைப் பற்றி ஒரு முக்கால் மணி நேரம். கென்னின் மனைவி கைத்தடியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தர்மசங்கடம் என்ற வார்த்தைக்கு எனக்கு அன்றைக்குத்தான் முழு அர்த்தம் புரிந்தது.

இவ்வளவும் ஆனபிறகு வால்டர் தொண்டையைச் செருமினார். ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றார். ஃபைலைப் படித்ததும், ஓட்டு கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமலே, மூன்று சனிக்கிழமை அந்தத் தெருவில் காரை நிறுத்தி உட்கார்ந்து பார்த்தாராம். யாரிடமும் பேசவில்லை, எண்ண மட்டும் செய்தாராம். நோட்டைப் புரட்டினார். தையலுக்கு வந்த கார்கள் ஒரே நேரத்தில் அதிகபட்சம் நான்கு. அதே தெருவில், மூன்றாவது சனிக்கிழமை, கொடி கட்டிய ஆறு கார்கள் நாள் முழுக்க நின்றன. அவை யாருடையவை என்று கென்னைக் கேட்டார்.

கென் கொஞ்சம் நெளிந்தார். ஃபுட்பால் பார்க்க வந்த தன் நண்பர்களுடையவை என்று ஒப்புக்கொண்டார். ஹாலில் சிரிப்பு.

ஆனால் வால்டர் சிரிக்கவில்லை. கென் சொன்னதும் பொய்யில்லை, டிரைவ்வேயை மறித்து நின்ற காரைத் தானே கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

பிறகு கென்னிடம் ஒரே கேள்வி. முன்கூட்டி நேரம் வாங்கியவர்கள் மட்டும் வருவது, ஒரே நேரத்தில் இரண்டு கார், அதுவும் மல்லிகாவின் டிரைவ்வேயில் மட்டும், சாயங்காலம் நாலு மணியோடு சரி — இப்படி நிபந்தனை போட்டால் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?

கென் மனைவியைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். "என் டிரைவ்வே காலியாக இருந்தால் போதும்" என்றார் கென். "அவங்க என்ன தைச்சாலும் எனக்குக் கவலையில்லை."

அந்த நிபந்தனைகளோடு தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. செயலாளர் ஒவ்வொரு பெயராக வாசித்தார்.

எஸ். எஸ். பிறகு ஒரு நோ... இன்றைக்குத் தையல், நாளைக்கு மெக்கானிக் ஷெட் வந்து கேட்டால் என்ன சொல்வது என்றார் அவர். நியாயமான கேள்விதான். மறுபடி எஸ். மறுபடி ஒரு நோ. அடுத்து தலைவர், அவர் எஸ்.

நாலு!

பின்வரிசையில் நம் பெண்கள் கை தட்டிவிட்டார்கள். யாரோ மல்லிகாவைக் கட்டிக்கொண்டார்கள். யாரோ இல்லை, நான்தான். யாழினி என் காதோரம் குனிந்து, "அம்மா. ஃபைவ்" என்றாள்.

கை தட்டல் பாதியில் நின்றது. பட்டியலின் அடியில் பேனாவால் சேர்த்த ஒரே ஒரு பெயர் மிச்சம் இருந்தது. வால்டர் ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்தார், மூடினார். மல்லிகா என் விரல்களைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு மோதிரம் அழுந்தியது. அவர் முப்பது வருஷம் வீடு வீடாகத் தபால் போட்டவராம். ஒரு தெரு நன்றாக இருப்பதற்கு யாராவது ஒருவர் பகலில் வீட்டில் இருந்து கதவைத் திறக்க வேண்டும், அது போதும் என்றார். பிறகு, "எஸ்."

மல்லிகா அப்போதுதான் அழுதாள். ரோசாவும் சேர்ந்துகொண்டாள். நான் மட்டும் என்ன, வேடிக்கை பார்த்தேனா?

வெளியே பார்க்கிங் லாட்டில் கென்னையும் அவர் மனைவியையும் பார்த்தேன். போய், அந்தச் சாம்பல் வேன் என்னுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தெரியும் என்றார் அவர் மனைவி. ஜன்னலிலிருந்து மாதக்கணக்கில் என்னைப் பார்த்திருக்கிறாராம். என் சுங்குடிச் சேலைகள் அழகாக இருக்கும் என்றும் சொன்னார்.

எல்லாம் சுபம். ஆனால் எனக்கு மட்டும் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. கையில் இருந்த ஓட்டை நான் கெடுத்தேன், தெய்வாதீனமாக வால்டர் காப்பாற்றினார். வால்டர் வேறு மாதிரி நினைத்திருந்தால்? யோகா வகுப்பில் நீலத்தின் பக்கம் திரும்பவே கூச்சமாக இருந்தது. மூச்சை இழுத்து விடச் சொன்னால், நான் இழுத்ததோடு சரி.

தீர்மானம் எழுத்தில் வந்து, கையெழுத்தாகி, எல்லாம் முடிந்த பிறகு, நேற்று முன்தினம் நீலமே என்னிடம் வந்தார். பாயைச் சுருட்டிக்கொண்டே, அந்தப் பச்சைத் துணி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அவர் மகன் கல்யாணத்துக்குப் பொருத்தமான நிறமாம். மல்லிகாவிடம் முறைப்படி நேரம் வாங்கி, முழுக் காசு கொடுத்துத் தைத்துக்கொள்ளப் போகிறாராம்.

சந்தோஷத்தில் நான் மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டேன். என்னால் உங்கள் ஓட்டு வீணாய்ப் போனதே, நீங்கள் இருந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்கவே மாட்டேன் என்றேன்.

நீலம் என்னை வினோதமாகப் பார்த்தார். வீடு வீடாகத்தான் இருக்க வேண்டும், கடை கடையாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் தெருவில் இப்படித்தான் ஒரு வீட்டுக் கடை சின்னதாக ஆரம்பித்து, இன்றைக்குத் தன் வீட்டு வாசலில் அவரே கார் நிறுத்த இடம் தேடுகிறாராம்.

"நான் உட்கார்ந்திருந்தால் நோ போட்டிருப்பேன்" என்றார் அமைதியாக.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலுக்கு மூன்று. வால்டர் ஓர ஸ்டூலிலேயே இருந்திருப்பார். அந்த நோட்டுப் புத்தகம் சட்டைப் பையை விட்டு வெளியே வந்திருக்காது. கராஜ் பூட்டியிருக்கும். புடவை கட்டுகிறவர், நம்ம ஆளு என்று நான் எண்ணி வைத்த ஓட்டு எங்களுக்கு எதிராக விழுந்திருக்கும். தெர்மாஸோடு மூலையில் இருந்தவரை நான் எண்ணவே இல்லை.

வாழ்க்கையில் நான் கொடுத்த லஞ்சம் ஒன்றே ஒன்று... அதுவும் பலித்தது, வாங்க வேண்டியவர் வாங்காததால்!